விசுவாசம் தரும் கனி



மரம் நட்டவன் கனிக்குக் காத்திருப்பான். ஞானஸ்நானத்தில் நமக்குள் விசுவாச விதையை ஊன்றிய ஆண்டவரும் அவ்வாறே காத்திருக்கிறார்.

நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பெயர் மட்டுமா மாறியது? வாழ்வே மாறியது. சாதி பாராமல் எல்லாரும் சமமே என்று போதித்தார். பதவி பறிபோயிற்று, 1749-ல் சிறைப்பட்டார், 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில், கோயிலுக்குள்ளேயே சாதிச் சுவர் எழும்பிற்று. 1910-ல்தான் அது இடிக்கப்பட்டது. விதை ஒன்றே, நிலம் இறுகினால் கனி ஏது?

ஜூபிலிக்காகக் கோயிலுக்கு வெள்ளையடித்தோம், தோரணம் கட்டினோம். நல்லதே. ஆனால், நற்கருணைப் பந்தியில் ஒன்றாகச் சேரும் நாம், கலியாணப் பந்தியிலும் கல்லறைத் தோட்டத்திலும் ஒன்றாக இருக்கிறோமா? விலகி நிற்கும் சகோதரன் வீட்டுக்கு நாமே முதலில் நடப்போம். அதுவே இந்த ஜூபிலி விட்டுச்செல்லும் நிலையான கனியாகட்டும்.