நெசவாளர் நீங்கிய நாடு

பிறர் சமயத்தைப் பொறுத்தல் அறம் என்றே பாடிவந்துள்ளோம். நாட்டின் பொருள்வளத்துக்கும் அதுவே வேர் என்பதைப் பிரான்சின் வரலாறு காட்டுகிறது. சீர்திருத்தக் கிறித்தவர்க்கு 1598இல் வழங்கப்பெற்ற வழிபாட்டுரிமையைப் பதினான்காம் லூயி மன்னர் 1685இல் பறித்தார். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் வெளியேறினர். பட்டு நெசவின் நுட்பம் அவர்களோடு இலண்டனுக்குச் சென்றது. பிராண்டன்பர்க் அரசோ அதே ஆண்டில் வரிவிலக்கு அளித்து வரவேற்றது. 1700 அளவில் பெர்லின் மக்களுள் ஐவரில் ஒருவர் பிரெஞ்சுக்காரர்!

இழப்பை மன்னருக்கு எடுத்துரைத்தவர் அறநூலார் அல்லர். அவருடைய கோட்டைப் பொறியாளரான வோபான். மக்களும் பணமும் மாலுமிகளும் போயினர், வாணிகம் நலிந்தது எனக் காட்டி, அவர்களை மீள அழைக்குமாறு 1689இல் எழுதினார். மன்னர் இணங்கவில்லை.

நமக்கு வேறொரு கணக்கும் உண்டு. அவ்வகதிகளின் வழியில் 1819இல் தோன்றிய தியோடோர் ஃபொன்டானே எழுதிய புதினங்கள் ஜெர்மன் மொழிக்கு வாய்த்தன.