சென்னைக்குக் கொடுத்த விலை

சித்தூர் பெரியோர்களே, தாய்மார்களே, திருப்பதியிலிருந்தும் நகரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தம்பிமார்களே!

வடக்கெல்லைத் தகராறு என்றால் தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் மொழிச் சண்டை என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். வீட்டில் தமிழும் கடையில் தெலுங்கும் பேசுகிற ஊர் இது. இந்தச் சண்டையை மூட்டியது சென்னைப் பட்டினம்!

1911-இல் வெள்ளைக்காரன் வடஆர்க்காட்டிலும் கடப்பையிலும் வெட்டி ஒட்டிச் சித்தூர் ஜில்லாவை உண்டாக்கினான். வரி வசூலுக்கும் கலெக்டர் வசதிக்கும் போட்ட கோடு. அதுவே பிறகு ராஜ்ய எல்லையாக உட்கார்ந்தது. ஆந்திரத் தலைவர்களின் கண்ணோ துறைமுகத்தின் மேல், ஹைகோர்ட்டின் மேல். 'மதராஸ் மனதே', அதாவது மதராஸ் நமதே என்றார்கள். 1949-இல் நேரு, படேல், பட்டாபி மூவரும் சொன்ன தீர்ப்பு என்ன? சென்னையை விட்டுக்கொடு, மாநிலம் வாங்கிக்கொள்! ஆந்திர மாநிலம் கேட்டு மயிலாப்பூரில் பட்டினி கிடந்து 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உயிரை விட்டார். அந்த மனிதரின் உறுதியை நான் வணங்குகிறேன். நான்கே நாளில் டில்லி இறங்கி வந்தது. சென்னை நமக்கு, 1953 அக்டோபர் 1-இல் சித்தூர் ஜில்லா முழுசாக அவர்களுக்கு.

தலைநகர் தப்பிய களிப்பில் சென்னைத் தலைவர்கள் உங்களைக் கைகழுவினார்கள். இதுதான் என் குற்றச்சாட்டு! ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் தெருவில் இறங்கியிராவிட்டால் திருத்தணியும் போயிருக்கும். எல்லையை முடிவு செய்ய வந்த படாஸ்கர் கிராமம் கிராமமாகப் பார்த்தார். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி திரும்பியது. நீங்கள் இங்கேயே நின்றீர்கள்.

சரி, திருப்பதி மலையைத் திருப்பிக் கேட்கவா வந்தேன்? இல்லை. தண்ணீரைப் பற்றிப் பேச வந்தேன்.

பாலாறு கர்நாடகத்தில் பிறந்து, குப்பம் பக்கம் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடி, வாணியம்பாடிக்கு வருகிறது. ஆற்றுநீர் பற்றிய 1892 ஒப்பந்தம் மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் ஆனது. அன்று குப்பமும் வாணியம்பாடியும் ஒரே மாகாணம். தங்களுக்குள் எழுதிக்கொள்ள என்ன இருந்தது? கோடு விழுந்தது, மேட்டுக்காரன் வேறு, பள்ளத்துக்காரன் வேறு என்றாயிற்று. 2016-இல் புல்லூர்த் தடுப்பணை ஐந்தடியிலிருந்து பன்னிரண்டடி ஆனது. கனகநாச்சியம்மன் கோயில் பக்கம் போய்ப் பாருங்கள்: அணைக்கு மேலே தண்ணீர், கீழே மணல். பாலாற்றில் அணை கட்டுவதை எதிர்த்துத் தமிழ்நாடு 2006-இலேயே போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது.

வேடிக்கையைக் கேளுங்கள். 1983 ஒப்பந்தப்படி சென்னைக்கு ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர். அந்தக் கால்வாய் எந்த வழியாகப் போகிறது? இந்தப் பழைய ஜில்லாவின் சத்தியவேடு வழியாக! உங்களைக் கொடுத்துக் காப்பாற்றிய பட்டினம் உங்கள் மண்ணைத் தாண்டி வரும் தண்ணீரைக் குடிக்கிறது. அப்போது யாரும் மொழி பேசவில்லை, ஒப்பந்தம் பேசினார்கள். பாலாற்றுக்கு மட்டும் ஏன் முடியாது?

குப்பம் சந்திரபாபு நாயுடுவின் தொகுதி. சென்னையிலிருந்து நான் கத்தினால் அவர் காதில் விழாது. நீங்கள் இங்கே ஓட்டுப் போடுகிறவர்கள். இனி எந்தப் புது அணைக்கும் கல் வைக்குமுன் வாணியம்பாடி விவசாயியையும் உட்கார வைத்துப் பேசுங்கள் என்று கேட்கும் மனு, தெலுங்கிலேயே எழுதி, அந்த மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்!