பருத்த சரீரமும் நம்முடைய நாவும்



முதலாவது எங்கள் தவறு ஒன்றை உங்களிடம் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நீரிழிவுப் பிரிவில் மிகவும் பருமனான ஒரு தாயாரைச் சந்தித்தோம். "வாயைக் கட்டுங்கள் அம்மா, எல்லாம் சரியாகும்" என்று புத்தி சொல்லி, ஜெபித்து அனுப்பினோம். அடுத்த பரிசோதனைக்கு அவர்கள் வரவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு வந்தார்கள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டோம். "எடை குறையவில்லை ஐயா. மறுபடியும் அதே பேச்சைக் கேட்க வெட்கமாயிருந்தது" என்றார்கள்.

அந்தச் சொல் எங்களை விட்டு நீங்கவில்லை. நம் சபைப் பிள்ளை ஒருத்தி பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளிடம் இதைச் சொன்னபோது, தன் பாட நோட்டைத் திறந்தாள். அறுபது வயதுக்குமேல் நாங்கள் மாணவரானோம்.

1949-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் சில சுண்டெலிகள் மிதமிஞ்சிப் பருத்து வளர்ந்தன. பின்னாளில் அங்கே டக்ளஸ் கோல்மன் என்பவர், அப்படிப்பட்ட ஒரு சுண்டெலியின் இரத்த ஓட்டத்தைச் சாதாரணச் சுண்டெலியின் இரத்த ஓட்டத்தோடு இணைத்தார். பருத்தது குறைவாகத் தின்றது, அதன் எடை கூடும் வேகமும் தணிந்தது. 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒன்று மற்றதன் இரத்தத்தில் இருந்தது. 1994-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் அதற்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஹார்மோனின் பெயர் லெப்டின். நம் உடலின் கொழுப்பே அதைச் சுரந்து, சேமிப்பு எவ்வளவு இருக்கிறதென்று மூளைக்குத் தெரிவிக்கிறது.

1997-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஓராஹிலி, சதஃப் ஃபரூக்கி ஆகியோர் அடங்கிய குழுவினர், உறவினரான இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். 8 வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. 2 வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. இருவருக்கும் தீராத பசி. பார்க்கிறவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? ஆனால் இருவர் உடலிலும் லெப்டின் சுரக்கவில்லை. பிறகு அச்சிறுமிக்கு லெப்டின் ஊசி கொடுக்கப்பட்டது. பசி அடங்கியது, ஒரே வருடத்தில் 16 கிலோவுக்குமேல் குறைந்தது. அவளிடம் இல்லாதிருந்தது மனக்கட்டுப்பாடு அல்ல, ஒரு ஹார்மோன்.

இந்தக் குறைபாடு மிகவும் அரிது. பருமனான பெரும்பாலோருக்கு லெப்டின் ஏராளமாகவே உண்டு. மூளைதான் அதற்குச் சரியாகச் செவிகொடுப்பதில்லை. பத்தியமிருந்து எடையைக் குறைத்தாலோ லெப்டின் இறங்குகிறது, பசி ஏறுகிறது, உடல் செலவிடும் சக்தியும் சுருங்குகிறது. அந்தத் தாயார் பசியோடு போராடித் தோற்றுக்கொண்டிருந்தபோது, நாங்கள் அவர்களைச் சோம்பேறி என்று எண்ணிவிட்டோம்.

மெலிந்தவர்களும் மேன்மைபாராட்ட இடமில்லை. பூனாவின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் 2004-இல் தங்கள் அளவுகளை வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! நம் நாட்டில் ஒல்லியானவருக்கும் நீரிழிவு வருவதன் ஒரு காரணத்தை இது காட்டுகிறது.

அப்படியானால் உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். எடை சிறிதே குறைந்தாலும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கும். நடப்பதால், எடை குறையாவிட்டாலும் நன்மை உண்டு. ஆனால் வெட்கப்பட்டவர் சிகிச்சைக்கு வருவதில்லை, மதிக்கப்பட்டவர் வருவார்.

இப்போது நாங்கள் கட்டிலருகே உட்கார்ந்து, "எப்படியம்மா இருக்கிறீர்கள்? எது கஷ்டமாயிருக்கிறது?" என்று கேட்கிறோம். அந்தத் தாயாரிடம் மன்னிப்பும் கேட்டோம். அவர்கள் சிரித்துக்கொண்டே எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று தவறாமல் பரிசோதனைக்கு வருகிறார்கள்.

பிரியமானவர்களே, இன்று உங்களிடம் கேட்பது காணிக்கை அல்ல. உங்கள் வீட்டிலோ சபையிலோ பருமனான ஒருவர் பந்தியில் உட்காரும்போது, அவருடைய இலையைப் பார்த்து ஒன்றும் சொல்லாதிருங்கள். அதுவே பெரிய உதவி.