ஊரணியும் ஊர் அழகும்



காரைக்குடியை அடுத்த கானாடுகாத்தான், ஆத்தங்குடி முதலிய ஊர்களின் மாளிகைகளைக் காண வெளிநாட்டாரும் வருகின்றனர். பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் வியந்து செல்கின்றனர். நாம் சற்றே கூரையையும் நோக்குவோமாக. ஓட்டில் விழும் மழைநீர் வளவு முற்றத்தில் இறங்கி, வாய்க்கால் வழியே தெருவை அடைந்து, அங்கிருந்து ஊரணியில் சேருமாறு நம் முன்னோர் அமைத்தனர். வற்றாத ஆறில்லாத செம்மண் சீமையன்றோ இது! வீடு கட்டும்போதே தண்ணீரையும் எண்ணினர்.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. வாணிகம் சிதைந்தது, நாளடைவில் பல வீடுகள் பூட்டப்பட்டன, சில இடிக்கப்பட்டுத் தூணும் நிலையும் விலைபோயின. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. பெருமைதான்; ஆயினும் பட்டியல் வந்து வாய்க்காலைத் தூர்வாராது.

வீடுகள் பங்காளிகளின் சொத்து. அனைவரும் இசைந்தாலன்றி ஓடு மாற்றுவதும் அரிது. அதில் நாம் செய்யக்கூடியது சிறிதே. ஊரணியின் வரத்துக்கால் ஊருக்குப் பொது. அதன்மேல் ஒரு கடை எழுந்தாலும், குப்பை நிறைந்தாலும், எத்தனை மழை பெய்தும் ஊரணி வறண்டே கிடக்கும். ஐப்பசி மழைக்கு முன்னரே வரத்துக்காலை அளந்து எல்லைக்கல் நடுவோம். உரிய அனுமதி பெற்று வண்டலை அகற்றினால், அதனை வயலுக்கு எடுத்துச் செல்ல உழவர்கள் வண்டியோடு வருவார்கள்.