பிள்ளைப் பாக்கியத்துக்காகக் கடனாளியாக வேண்டாம்

(பிள்ளை மடுவத்தில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் பேச எடுத்துக்கொண்டது, லயத்தில் யாரும் சத்தமாகப் பேசாத விஷயம். கலியாணமாகி மூன்று, நான்கு வருஷமாகியும் பிள்ளை இல்லாத குடும்பங்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கைப்படி, வளர்ந்தவர்களில் சுமார் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தக் குறை வருகிறது. ஆகவே இது சாபமும் இல்லை, தோஷமும் இல்லை. மற்ற வருத்தங்களைப் போல இதற்கும் காரணம் உண்டு. பல காரணங்களுக்கு மருந்தும் உண்டு.

ஆனால் வருத்தத்தைவிடப் பெரிய தலையிடி செலவுதான். தோடும் மூக்குத்தியும் அடகுக் கடைக்குப் போகின்றன. சீட்டுக் காசைக் கழிவுக்கு முன்கூட்டியே எடுக்கிறார்கள். போதாததற்கு வாரக் கடன். கடைசியில் பிள்ளையும் இல்லை, நகையும் இல்லை. காசு செலவில்லாத வாசல் ஒன்று இருக்க, காசு கேட்கும் வாசலில் முதலில் ஏறுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற ஒழுங்கைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

முதலாவது, காலக் கணக்கு. புருஷனும் பெண்சாதியும் ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால்தான் டொக்டரிடம் காட்ட வேண்டும். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும், அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. மாதவிடாய் ஒழுங்காக வராதவர்கள் காத்திருக்கவே வேண்டாம். இதில் நமது பகுதிக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. புருஷன் கொழும்பில் கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வந்து நாலு நாள் நின்று போகிறார். கலியாணமாகி மூன்று வருஷம் என்றாலும், சேர்ந்திருந்த நாளைக் கூட்டினால் இரண்டு மாதம் வராது. அதற்கு எந்த ஊசி போட்டு என்ன செய்யிறது? 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிறவர்களுக்கு, வந்த முதல் நாளிலிருந்து எண்ணினால் 10ஆம் நாள் முதல் 16ஆம் நாள் வரைதான் கரு தங்க வாய்ப்புள்ள காலம். லீவு எடுப்பதென்றால் அந்த நாட்களைப் பார்த்து எடுங்கள். மூன்று மாத ஊசி போட்டிருந்தவர்களுக்கு, அதை நிறுத்திய பிறகு கரு தங்கப் பத்து மாதம்கூட ஆகலாம். அதற்காகவும் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, இரண்டு பேரும் போக வேண்டும். "அவளுக்குத்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டு ஆண்கள் வீட்டில் நிற்கிறார்கள். சுமார் பாதித் தம்பதியரில் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது என்பது வைத்தியர்கள் கண்ட உண்மை. விந்துப் பரிசோதனை வலியில்லாதது, பெண்ணுக்குச் செய்யும் பல சோதனைகளைவிடச் செலவும் குறைந்தது. அதை முதலிலேயே செய்யாததால், குறை இல்லாத பெண் இரண்டு வருஷம் மருந்து குடிக்கிறாள். அந்தக் காசும் வீண், அவள் பட்ட பாடும் வீண். புகை, கசிப்பு, புகையிலை இவற்றை விடுவதற்கு டொக்டர் துண்டு தேவையில்லை. புது விந்தணு உண்டாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஆகவே விட்டு மூன்று மாதம் பொறுத்துத்தான் பலனைப் பார்க்கலாம். மலையில் மருந்து அடிக்கும் தம்பிமார் அந்த வேலையைப் பற்றியும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, இலவச வாசல். நமது டிவிசனுக்கு வரும் மிட்வைப் மிஸ்ஸிடம் முதலில் சொல்லுங்கள். அவர் போலிக் அமில வில்லை தருவார், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புவார். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரி பெண்நோயியல் கிளினிக்குக்குப் போகலாம். நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை ஆஸ்பத்திரிகளில் விசேட வைத்தியர்கள் இருக்கிறார்கள். பார்க்கக் காசு இல்லை. ஆனால் பஸ் காசு உண்டு, அன்றைக்குப் பேரும் இல்லை. அதனால் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் திகதி கேளுங்கள். ஒவ்வொரு துண்டையும் ரிப்போர்ட்டையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். பழைய ரிப்போர்ட் இல்லாமல் வேறு டொக்டரிடம் போனால், அதே இரத்தச் சோதனைக்கு மறுபடி காசு கட்ட நேரும்.

நான்காவது, மருந்து. கருமுட்டை ஒழுங்காக வராதவர்களுக்கு முதலில் கொடுக்கும் குளோமிபீன், லெட்ரோசோல் போன்றவை வில்லைகள்தான், ஊசிகளோடு பார்த்தால் விலை குறைவு. ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியில் வாங்குங்கள் என்றால், மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரும்படி கேட்டு, அரசாங்க ஒசுசலவில் விலை விசாரியுங்கள். ஒருத்திக்குக் கொடுத்த வில்லையை இன்னொருத்தி வாங்கிக் குடிக்கக் கூடாது. சினைப்பை வீங்கலாம், இரட்டைக் கருவும் தங்கலாம். ஆறு மாதம் குடித்தும் பலன் இல்லையென்றால், அடுத்தது என்ன என்று டொக்டரைக் கேட்க வேண்டும்.

இனி, பெரிய செலவு. வெளியில் கருவை உண்டாக்கி வயிற்றில் வைக்கும் சிகிச்சைக்குத் தனியார் ஆஸ்பத்திரிகளில் பல இலட்சம் ஆகிறது. 6 இலட்சம் என்று ஒரு இடத்தில் சொன்னால், அதைப் பேரில் எண்ணிப் பாருங்கள். ஒரு பேருக்கு 1,500 ரூபா என்று வைத்தாலும் 400 பேர். மாதம் 25 பேர் போட்டால் 16 மாதம், அதுவும் கழிவு இல்லாமல், சாப்பிடாமல் இருந்தால். ஒருமுறை செய்தால் கட்டாயம் பிள்ளை என்று எந்த நல்ல டொக்டரும் சொல்லமாட்டார். சரிவராத முறைகளே அதிகம். வயது 40 தாண்டினால் வாய்ப்பு இன்னும் குறைவு.

அதனால் காசு கட்டுமுன் நாலு கேள்வி கேளுங்கள். எங்களுக்கு என்ன குறை? எங்கள் வயதுக்கு வாய்ப்பு எவ்வளவு? ஊசி, ஸ்கேன், அறைக்காசு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? சரிவராவிட்டால் மறுபடி எவ்வளவு? பதிலை எழுதி வாங்கி வந்து, வீட்டில் இருவரும் உட்கார்ந்து, இவ்வளவுக்கு மேல் இல்லை என்று ஒரு எல்லை போடுங்கள். சேர்த்த காசில் செய்யுங்கள், வட்டிக்கு எடுத்துச் செய்யாதீர்கள். கலியாணத்தைக் காட்டி வேலையை விட்டு, சேமலாப நிதியை எடுக்கலாம் என்று சில தங்கச்சிமார் யோசிக்கிறார்கள். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. ஆனால் பிள்ளை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் வயதான காலத்துச் சோறு அந்தக் காசுதான்.

மாமியார்மாருக்கும் ஒரு வார்த்தை. கோயிலுக்கு நேர்த்தி வைப்பதை நாங்கள் தடுக்கவில்லை. கிளினிக் திகதியைத் தவறவிட்டு வைக்காதீர்கள், அவ்வளவுதான். மருமகளை மலையிலும் பீலிக்கரையிலும் குத்திப் பேசுவதால்தான், அவள் யாருக்கும் தெரியாமல் கடன் வாங்கி மருந்து தேடுகிறாள். வாயைக் கொஞ்சம் அடக்கினால் பாதிக் கடன் குறையும்.

எல்லாம் செய்தும் பிள்ளை இல்லையென்றால் வாழ்க்கை முடிந்துவிடாது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் மூலம் சட்டப்படி பிள்ளை எடுத்து வளர்க்கலாம். சொந்தத்தில் எடுத்தாலும் நீதிமன்றத்தில் பதிந்து எடுங்கள். தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கடிதம் எழுத, திகதி கேட்க, கணக்குப் பார்க்க உதவி வேண்டியவர்கள் எங்களிடம் வாருங்கள். சொன்னது எங்களோடு நிற்கும். இரண்டு பேருமாக வாருங்கள்.