கிளம்பாத வண்டியும் கேட்காத கேள்வியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் இறுதியாண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி' என்று பேசச் சொல்லித்தான் சங்கச் செயலாளர் அழைத்தார். "அதுக்கு எனக்கு வயசு பத்தாது சார், கிளம்பாத மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்றது எப்படின்னு வேணா பேசறேன்" என்றேன். "அதையே பேசுங்க, உபயோகமா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே வெற்றியைப் பற்றி எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

2011-ம் வருடம், நான் மெக்கானிக்கல் இறுதியாண்டு. ஊருக்கு வெளியே இன்னொரு கல்லூரியில் ஒரு கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க வந்திருந்தது. காலை 9 மணிக்கு எழுத்துத் தேர்வு. நான் தங்கியிருந்த அறையிலிருந்து முப்பது கிலோமீட்டர். என்னிடம் அப்பா ஓட்டிக் கொடுத்த 100 சிசி வண்டி இருந்தது. நல்ல நாளும் அதுவுமாக அழுக்கு வண்டியில் போகக்கூடாது என்று முதல் நாள் ராத்திரி டியூப் வைத்துப் பீய்ச்சிப் பளபளவென்று கழுவி வைத்தேன்.

காலை 7 மணிக்கு உதைத்தேன். கிளம்பவில்லை. சோக்கை இழுத்துவிட்டு உதைத்தேன். இருபது உதை, முப்பது உதை. இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. 'பெட்ரோல் சரியாகப் போகவில்லை' என்று நானே முடிவு கட்டினேன். ஐ.சி. என்ஜின் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவன் அல்லவா! ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கார்பரேட்டரில் ஏர் ஸ்க்ரூவை இப்படியும் அப்படியும் திருகினேன். மறுபடி உதை. இதற்குள் அந்த வழியாக டவுன் பஸ் இரண்டு முறை போய்விட்டது. ஏறியிருக்கலாம். 'இன்னும் ஒரே ஒரு உதை' என்று நின்றேன் பாருங்கள், அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு முக்கு மெக்கானிக் கடைக்குப் போனேன். அண்ணன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதலில் கேட்டார்: "தம்பி, வண்டி கடைசியா எப்பங்க நல்லா ஓடுச்சு?"

"நேத்து சாயங்காலம்ண்ணா."

"அதுக்கப்புறம் என்னங்க பண்ணுனீங்க?"

நான் கொஞ்சம் யோசித்து, "கழுவினேன்" என்றேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. நேராக பிளக் கேப்பைப் பிடுங்கிக் காட்டினார். உள்ளே தண்ணீர். பிளக்குக்குப் போகவேண்டிய கரண்ட், ஈரத்தின் வழியாக என்ஜின் பாடிக்கே போய்க்கொண்டிருந்தது. பெட்ரோலுக்கு ஒரு குறையும் இல்லை. நான் சோக்கைப் போட்டு உதைத்து உதைத்து பெட்ரோலைச் சிலிண்டருக்குள் நிரப்பி வைத்திருந்தேன். பிளக்கைக் கழற்றியபோது அது குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

சாவியை ஆஃப் செய்தார், பெட்ரோல் டேப்பை மூடினார், ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு முறை வெறுமனே உதைத்து உள்ளே இருந்த பெட்ரோலை வெளியேற்றினார். கேப்பையும் பிளக்கையும் பனியன் வேஸ்டால் துடைத்துக் காயவைத்து மாட்டினார். இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது, ஆனால் நிற்காமல் இருமியது. "ஏர் ஸ்க்ரூவைத் தொட்டீங்களா?" என்றார். தலையாட்டினேன். "திருகறதுக்கு முன்னால எத்தனை சுத்துன்னு எண்ணுனீங்களா?" எண்ணவில்லை. காதால் கேட்டே அதைச் சரிசெய்தார்.

யோசித்துப் பாருங்கள். வண்டிக்கு இருந்தது ஒரே ஒரு நோய். டாக்டர் நான் கை வைத்த பிறகு மூன்று நோய். போய்ச் சேர்ந்தபோது மணி 9.40. கேட்டை மூடியிருந்தார்கள்.

சரி, பாடத்துக்கு வருவோம். பெட்ரோல் என்ஜின் ஓட மூன்று விஷயம் வேண்டும்: சரியான அளவில் காற்றும் பெட்ரோலும், அதை அழுத்தும் கம்ப்ரஷன், சரியான நேரத்தில் பொறி. இதைத் தேடும்போது சுலபமானதிலிருந்து கஷ்டமானதுக்குப் போகவேண்டும். முதலில் காசு செலவில்லாத சோதனைகள்: டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா, டேப் திறந்திருக்கிறதா, வலது கைப்பிடியில் இருக்கும் சிவப்பு ஸ்விட்சை யாராவது ஆஃப் செய்துவிட்டார்களா, சைடு ஸ்டாண்டு போட்டபடி இருக்கிறதா. சிரிக்காதீர்கள், சிவப்பு ஸ்விட்சுக்காக வண்டியை மெக்கானிக் கடை வரை தள்ளியவர்கள் இந்த ஹாலிலேயே இருப்பார்கள்.

அடுத்தது பிளக். அது என்ஜினின் நாக்கு மாதிரி, பார்த்தாலே பாதி தெரியும். பலமுறை உதைத்தும் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை அல்லது பெட்ரோல் அதிகம். கரி பிடித்திருந்தால் கலவையில் பெட்ரோல் கூடுதல். லேசான பழுப்பு நிறம் ஆரோக்கியம். பொறியைப் பார்க்க, கழற்றிய பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதி என்ஜினில் நன்றாகப் படும்படி வைத்து உதைக்கவேண்டும். பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அங்கே பெட்ரோல் ஆவி வரும், தீப்பிடிக்கும். கிக்கர் வழக்கத்தைவிட லொடலொடவென்று லேசாக இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை. வால்வு, ரிங் சமாசாரம். அங்கே நம் கைவரிசை வேண்டாம்.

"இதெல்லாம் பழைய வண்டி கதை" என்று முணுமுணுப்பது கேட்கிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த பிறகு பெரும்பாலும் கார்பரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. சோக் கிடையாது, ஏர் ஸ்க்ரூ கிடையாது. ஆனால் முறை அதேதான். சாவியைத் திருப்பினால் டாங்கிலிருந்து இரண்டு மூன்று விநாடி 'ம்ம்ம்' என்று பம்ப் சத்தம் பொதுவாகக் கேட்கும். கேட்காவிட்டால் ஃபியூஸ், பாட்டரி, பம்ப் என்ற வரிசையில் தேடவேண்டும். பாட்டரி அடியோடு செத்துவிட்டால் பல வண்டிகளில் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பலிக்காது, பம்புக்கே கரண்ட் வேண்டுமே! வண்டி கீழே சாய்ந்து விழுந்தபின் கிளம்பவில்லையா? விழுந்தால் என்ஜினை நிறுத்தும் சென்சார் சில வண்டிகளில் உண்டு. நிமிர்த்தி, சாவியை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உதைக்கவே கூடாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

வேலை என்னாயிற்று என்று கேட்பீர்கள். ஒரு வருடம் சின்னப் பட்டறை ஒன்றில் குறைந்த சம்பளத்தில் இருந்தேன், பிறகுதான் இப்போதுள்ள தொழிற்சாலை. அங்கே என் வேலை மெயின்டனன்ஸ். சில மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி ஷிப்டில் மெஷின் நின்றுவிட்டது. புதிதாகச் சேர்ந்த பையன் மோட்டாரைக் கழற்ற ஸ்பேனரோடு நிற்கிறான், அச்சு அசலாக 2011-ல் நின்ற நான். ஆபரேட்டரிடம் கேட்டேன்: "கடைசியா எப்ப ஓடுச்சு? அதுக்கப்புறம் என்ன பண்ணுனீங்க?" ஏர் அடித்துச் சுத்தம் செய்தாராம். அதில் ஒரு சென்சார் லேசாகத் திரும்பியிருந்தது. ஐந்து நிமிட வேலை.

அந்த அண்ணன் அன்றைக்கு வாங்கியது இருபது ரூபாய். நாலு வருஷப் படிப்பு சொல்லித் தராததை இருபது ரூபாய்க்குச் சொல்லித் தந்தார் என்று சொன்னால் இங்கே உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். உண்மையில் அவர்கள் சொல்லித்தான் தந்தார்கள். லேபில் ஒவ்வொரு முறையும், 'ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றுவதற்கு முன் குறித்து வை' என்றார்கள். நான்தான் அதை ரெக்கார்டு நோட்டோடு விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பஸ்ல போயிருக்கலாமில்லப்பா" என்றார். அவ்வளவுதான். எது வாகனம், எது நாம் போகவேண்டிய இடம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தம்பி தங்கைகளே, அடுத்த மாதம் உங்களுக்கும் தேர்வுகள் வருகின்றன. வண்டியை முதல் நாள் ராத்திரி கழுவாதீர்கள். கழுவினால் பிளக் கேப்பைத் துடைத்து, ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுப் படுங்கள். காலையில் ஐந்து உதைக்குக் கிளம்பவில்லையென்றால் பேசாமல் பஸ் ஏறுங்கள்.