தூக்குப்பாலமும் தாழ்ப்பாளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் பேசத் தகுதி வாய்ந்த புலவர் பெருமக்கள் இம்மேடையில் அமர்ந்திருக்கின்றனர். நானோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்தவன். எனவே, அறிந்த துறையிலிருந்தே ஒரு பொருளைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். இக்காலனியில் இராமேசுவரம் சென்று வாராத குடும்பம் அரிது. அவ்வாறு சென்றவர் அனைவரும் பாம்பன் கடலைக் கடந்தவரே. அக்கடலின் மேல் அமைந்த இருப்புப்பாதைப் பாலத்தின் ஒரு பகுதி, கப்பல் வரும்போது திறந்து வழிவிடும். வண்டி வரும்போது மூடி வழிவிடும். அதனைத் திறந்து மூடும் கை எங்கே இருத்தல் வேண்டும்? பாலத்தின் மேலா, பாலத்துக்கு அப்பாலா? இதுவே இன்று என் பேச்சின் பொருள்.

முதற்கண் பழைய பாலத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். தென்னிந்திய இரயில்வேக் கம்பெனியார் கட்டிய அப்பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் திறக்கப்பெற்றது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. கண்கள் 140க்கு மேல். சென்னை எழும்பூரில் புறப்பட்ட போட் மெயில் அதன்மேல் ஓடித் தனுஷ்கோடியை அடையும். அங்கிருந்து பயணிகள் நீராவிக் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் வண்டியேறிக் கொழும்புக்குச் செல்வர். இது நெடுக்காகச் செல்லும் வழி. குறுக்காகவும் ஒரு வழி உண்டு. மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் நீரிணைக்கு இலங்கையைச் சுற்றாமல் செல்ல விரும்பும் சிறு கப்பல்களுக்கும் மீன்பிடி விசைப்படகுகளுக்கும் பாம்பன் கால்வாயே வாயில். அவ்வாயிலை அடைத்துப் பாலம் கட்டிவிட்டால் கடல் வழி அற்றுப்போகும். ஆகவே, பாலத்தின் நடுவே திறக்கும் பகுதியொன்றை அமைத்தனர்.

அப்பகுதிக்கு ஷெர்ஸர் முறை என்று பெயர். சிக்காகோ நகரின் பொறியாளர் வில்லியம் ஷெர்ஸர் வகுத்த முறை அது. 1893ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். அவர் எண்ணத்தில் உருவான முதற்பாலங்கள் 1895இல் சிக்காகோ ஆற்றின்மேல் எழுந்தன. இரட்டைக் கதவு எவ்வாறு நடுவில் பிரிந்து இருபுறமும் ஒதுங்குகிறதோ, அவ்வாறே இப்பாலம் நடுவில் பிரிந்து, இரண்டு சிறகுகளாக வானோக்கி எழும். ஒவ்வொரு சிறகின் பின்புறத்திலும் பெரும் எதிர்ப்பாரம் உண்டு. கிணற்று ஏற்றத்தில் பின்னே கட்டிய கல், முன்னே உள்ள நீர்ச் சாலைத் தூக்க உதவுவதை நம் கிராமங்களில் கண்டவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். பாரம் சமன்பட்டு நிற்பதால், இருமருங்கும் நிற்கும் தொழிலாளர் நெம்புகோல்களைத் தள்ளிச் சுற்றியே அவ்வளவு பெரிய இரும்புச் சிறகை எழுப்பிவிடுவர். மின்விசை இல்லை, மனிதனின் தோள்வலிமையே விசை. ஒருமுறை திறப்பதற்கு அரைமணிக்கு மேல் ஆகும். அதுவரை கப்பல்கள் ஒருபுறம் நங்கூரமிட்டுக் காத்து நிற்கும்.

அத்தொழிலாளரின் கண்முன்னே கடல் இருந்தது. காற்று அவர்தம் முகத்தில் வீசியது. பாலம் பொருந்தியதா, பூட்டு விழுந்ததா என்பதை அருகில் நின்றே கண்டனர். ஆயினும் மனிதக் கண்ணை மட்டும் நம்பி இரயில்வே நடப்பதில்லை. காற்றின் வேகத்தை அளக்கும் கருவியொன்றும் அங்கே அமைக்கப்பட்டது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை மிஞ்சினால் கைகாட்டி தானாகவே சிவப்புக் காட்டும். வண்டி பாலத்தில் ஏறாது.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலை நம்மில் முதியோர் அறிவர். தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அங்குச் சென்ற பயணி வண்டி கடலலையில் சிக்க, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தின் உத்திரங்களுள் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. நடுவிலிருந்த ஷெர்ஸர் பகுதி மட்டும் தப்பி நின்றது. திருத்தும் பணி இளம் பொறியாளரான ஈ. ஸ்ரீதரன் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கடலில் மூழ்கிய உத்திரங்களை மீனவர் துணையுடன் தேடி எடுத்து, 46 நாட்களில் பாலத்தை மீட்டார். பின்னர் 2007இல் அகலப் பாதைக்கு மாறிய அப்பாலம், முதுமையின் பழுதுகளால் 2022 டிசம்பரில் வண்டிப் போக்குவரத்திலிருந்து ஓய்வு பெற்றது.

அதன் அருகே எழுந்த புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், இராமநவமியன்று, பிரதமரால் திறந்துவைக்கப்பெற்றது. இதன் தூக்குப் பகுதி சிறகுபோல் பிரிவதன்று. இருபுறமும் கோபுரம் நிற்க, இடையிலுள்ள 72.5 மீட்டர் நீளப் பகுதி முழுவதும் அப்படியே 17 மீட்டர் உயரம் நேராக மேலெழும். இதற்கும் எதிர்ப்பாரம் உண்டு. ஆனால் தோள்வலிமைக்கு மாற்றாக மின்மோட்டார் வந்துவிட்டது. பாலத்தை ஒட்டிய கட்டுப்பாட்டு அறையில் கணினித் திரையின் முன் அமர்ந்தவர் பொத்தானை அழுத்த, ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. பலர் வியர்வை சிந்தி அரைமணிக்கு மேல் செய்த வேலை இது! இம்மாற்றத்தை வரவேற்காதவர் யார்? உப்புக்காற்றிலும் வெயிலிலும் மனிதன் தோள் தேய நிற்க வேண்டும் என்று நான் ஒருநாளும் கூறேன்.

பாம்பனில் கை பாலத்தினின்று கட்டுப்பாட்டு அறைவரைதான் விலகியுள்ளது. அமெரிக்கா போன்ற நாடுகளிலோ, கப்பல் செல்லும் ஆறுகளின் மேலுள்ள இரயில் பாலங்கள் பலவற்றில் காவலர் எவருமே இல்லை. பல கல் தொலைவிலுள்ள அலுவலகத்திலிருந்தோ, வந்து நிற்கும் வண்டியிலிருந்தோ வானொலிக் கட்டளையால் அவற்றை இயக்குகின்றனர். காமிராவும் உணர்கருவியும் கண்ணின் வேலையைச் செய்கின்றன. இம்முறை பெரும்பாலும் நன்றாகவே நடக்கின்றது. ஆயினும், அந்நாட்டில் நிகழ்ந்த இரண்டு விபத்துகளை நாம் சிந்தித்துப் பார்த்தல் நலம்.

முதலாவது, 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் அலபாமா மாநிலத்தில் நிகழ்ந்தது. சுழலும் பாலமாக மாற்றத்தக்கவாறு கட்டப்பட்டு, ஒருநாளும் அவ்வாறு மாற்றப்படாத பாலம் ஒன்று அங்கே இருந்தது. அது பக்கவாட்டில் நகராதவாறு இறுகப் பிணைக்கப்படவில்லை. மூடுபனியில் வழிதவறிய படகொன்று தள்ளிவந்த சரக்குத் தெப்பங்கள் நள்ளிரவில் அதன்மேல் மோதின. பாலம் இடம்பெயர்ந்தது, தண்டவாளம் வளைந்தது. ஆனால் முறியவில்லை. தண்டவாளத்தின் வழியே ஓடும் மின்னோட்டம் அறுபட்டால்தான் கைகாட்டி சிவப்பாகும். மின்னோட்டம் அறுபடாமையால் கைகாட்டி பச்சையே காட்டிற்று. அதனை நம்பி விரைந்து வந்த பயணி வண்டி கவிழ்ந்து 47 பேர் மாண்டனர். பொறிக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்ல அங்கே மனிதனும் இல்லை.

இரண்டாவது, 2012ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்துப் பால்ஸ்பரோ என்னும் ஊரில் நிகழ்ந்தது. அங்குள்ள சுழல் பாலத்தை முன்பு காவலர் இருந்து இயக்கினர். பிற்காலத்தில் வண்டி ஊழியரே வானொலியால் இயக்கலாயினர். அன்று அவர்கள் பலமுறை கட்டளை அனுப்பியும் கைகாட்டி சிவப்பிலிருந்து மாறவில்லை. வண்டிக்காவலர் இறங்கிச் சென்று பார்த்தார். பாலம் நேராகப் பொருந்தியிருந்தது. பூட்டியிருப்பதாக எண்ணித் தெரிவித்தார். தொலைவிலிருந்த அதிகாரி, சிவப்பைக் கடந்து செல்ல அனுமதி அளித்தார். வண்டியின் பாரம் ஏறியதும் பாலம் சுழன்று விலகியது. 7 பெட்டிகள் தடம் புரண்டன. ஒரு தொட்டி உடைந்து வினைல் குளோரைடு என்னும் நச்சுவாயு கசிய, ஊர் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. பாலம் சாத்தியிருந்தது, தாழிடப்படவில்லை. இங்கே பொறிக்குத் தெரிந்தது. அது சிவப்புக் காட்டி எச்சரித்தது. மனிதன்தான் அதனை மீறினான்.

தாய்மார்களே! இரவில் வீட்டுக் கதவைச் சாத்துவது வேறு, தாழிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பது வேறு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. இரயில்வேயின் பாதுகாப்பு முழுவதும் அந்த இழுத்துப் பார்த்தலிலேயே அடங்கியுள்ளது. இண்டர்லாக்கிங் என்று எங்கள் இலாகாவில் வழங்கும் பிணைப்பு முறையின் சாரமும் இதுவே. லெவல் கிராஸிங் கேட் பூட்டப்பட்டாலன்றிக் கைகாட்டி இறங்காது. கைகாட்டி இறங்கியபின் கேட் திறவாது. தூக்குப்பாலத்துக்கும் இதுவே விதி. இந்தக் கலையைக் கற்பிக்கும் இரயில்வே சிக்னல் பயிற்சிக் கழகம் 1957ஆம் ஆண்டு முதல் நம் செகந்தராபாத்திலேயே இயங்கி வருவது நமக்குப் பெருமை. சிவப்பைக் கடக்க முயலும் வண்டியைத் தானே நிறுத்தும் கவச் என்னும் அமைப்பும் நம் தென்மத்திய இரயில்வேயின் பாதைகளில் ஓட்டிப் பார்த்தே வளர்க்கப்பட்டது.

இவ்விரண்டு விபத்துகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. பொறியை மட்டும் நம்புக என்போர்க்கு முதல் விபத்து விடை கூறும். மனிதனை மட்டும் நம்புக என்போர்க்கு இரண்டாவது விடை கூறும். எனவே, கை பாலத்தின் மேல் இருக்கிறதா, பல கல் தொலைவில் இருக்கிறதா என்பது பெரிதன்று. ஐயம் தோன்றியபோது வண்டியை நிறுத்தும் உரிமையும், நிறுத்தியவனைக் கடிந்துகொள்ளாத மேலிடமும் உண்டா என்பதே பெரிது. ‘போகலாம்’ என்று சொல்ல மனிதனும் பொறியும் இருவரும் உடன்படுதல் வேண்டும். ‘நில்’ என்று சொல்ல இருவருள் ஒருவரே போதும். நான் சொல்ல வந்தது இவ்வளவே.

இக்கொள்கை நம் நாட்டில் சட்ட வடிவிலேயே உள்ளது. புதிய பாதையில் பயணி வண்டி ஓட வேண்டுமாயின் இரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அனுமதி வேண்டும். அவர் இரயில்வே அமைச்சகத்துக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைச் சார்ந்தவர். கட்டுபவர் ஒருவர், சோதிப்பவர் மற்றொருவர் என்பது ஏற்பாடு. புதிய பாம்பன் பாலத்தை அவர் 2024 நவம்பரில் சோதித்துக் குறைகளைச் சுட்டிக்காட்டினார். நிபந்தனைகளுடன், பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டரும், தூக்குப் பகுதியில் மட்டும் 50 கிலோமீட்டரும் வேக வரம்பாக விதித்து இசைவு தந்தார். பிரதமர் திறக்கவிருக்கும் பாலமாயிற்றே என்று குறையை மறையாமல் எழுதினாரே, அதுவே தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தல் என்பது.

இதனை ஏன் இச்சபையில் கூறுகின்றேன்? நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் இரவெல்லாம் விழித்திருந்து, கடல் கடந்த நாடுகளின் வங்கிகளையும் ஆலைகளையும் மருத்துவமனைகளையும் இங்கிருந்தே இயக்குகின்றனர். தொலைவிலிருந்து பாலத்தைத் தூக்குபவனுக்கும் அவர்களுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. தாங்கள் அழுத்தும் பொத்தானால் எங்கோ ஒரு கதவு திறக்கிறது. அக்கதவின் மேல் யாரோ நிற்கக்கூடும். இளைஞர்களே! திரையில் பச்சை தெரிந்தாலும் மனத்தில் ஐயம் எழுமாயின் நில்லுங்கள். மனம் துணிந்தாலும் திரையில் சிவப்பு நிற்குமாயின் அப்போதும் நில்லுங்கள். தாமதத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம். போன உயிர்க்கு எழுதிக் கொடுக்க இயலாது.

பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நமக்கு, தொலைவிலிருந்து காத்தல் என்பது புதியதன்று. தஞ்சையிலும் நெல்லையிலும் தனித்திருக்கும் தாய் தந்தையரை நாம் தொலைபேசியாலேயே காத்து வருகின்றோம். ‘நலமாயிருக்கிறேன்’ என்னும் குரல் பச்சை விளக்கைப் போன்றது. ஆயினும் நேரில் சென்று பார்த்தால்தான் தெரியும் குறைகள் உண்டு. அடுத்த முறை இராமேசுவரம் செல்லும்போது, புதிய பாலத்தின் கோபுரங்களைக் கண்டு மகிழுங்கள். அப்படியே வழியிலுள்ள சொந்த ஊரிலும் இறங்கி வாருங்கள்.